22 நிமிடத் தாமதம்: மன்னார்குடி பக்கம் ஒரு செவ்வாய்ப் படம்

படம் ஒருவழியாக முடிந்தது. ஓடும் நேரம் 26 நிமிடம். கணவன் செவ்வாயில் இருக்கிறான், மனைவி திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடை ஊரில் இருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காட்சியில்கூட வரமாட்டார்கள். அறிவியல் புனைகதை எடுக்கிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். எடுக்க எடுக்க அது புருஷன் பெண்டாட்டி படமாகிவிட்டது. அப்படி ஆனதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. எதை எப்படிச் செய்தோம், எது வேலைக்கு ஆகவில்லை, என்ன செலவு என்று எழுதி வைக்கிறேன். டெல்டாவில் இன்னொருவர் இதில் இறங்கினால் கொஞ்சம் பணமும் உழைப்பும் மிச்சமாகும்.

கதைக்கு முதலில் ஒரு தேதி தேவைப்பட்டது. பூமியும் செவ்வாயும் ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை நெருங்கி வரும். 2033 ஜூன் கடைசியில் வரும் நெருக்கத்தில் இடைவெளி சுமார் 6.4 கோடி கிலோமீட்டர். ஒளியும் ரேடியோ அலையும் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால், அவள் பேசியது அவனிடம் போய்ச் சேர மூன்றரை நிமிடம் பிடிக்கும். அதன்பிறகு இடைவெளி நாளுக்கு நாள் கூடும். ஏறக்குறைய 14 மாதம் கழித்து, 2034 ஆகஸ்ட் வாக்கில், செவ்வாய் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அப்போது தூரம் 40 கோடி கிலோமீட்டர், ஒரு வழித் தாமதம் 22 நிமிடம். சூரியன் குறுக்கே நிற்பதால் இரண்டு வாரம்போல் தொடர்பையே நிறுத்தி வைப்பார்கள். இந்தக் கணக்கைத் தாளில் போட்டு முடித்தபோதே திரைக்கதையின் எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. வில்லன் வேண்டாம், விபத்து வேண்டாம். யார்மேலும் குற்றமில்லாமல் தினம் கொஞ்சம் தள்ளிப் போகிற இரண்டு பேர் போதும்.

அந்த ஜூன் மாதம் எனக்கு இன்னொரு வகையிலும் பிடித்துப்போனது. மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. படம் குறுவை நடவில் ஆரம்பித்து, தாளடி அறுப்பைத் தாண்டி, அடுத்த வருடத் தண்ணீரும் வந்த பிறகு முடிகிறது. தேதி அட்டை எதுவும் போடவில்லை. வயலைப் பார்த்தே எந்த மாதம் என்று நம் ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

மனைவியைக் கடைமடையில் வைத்ததற்கும் காரணம் உண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே இரண்டு மூன்று நாளாகும். கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, கோரையாறு வழியாக வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் இன்னும் எத்தனையோ நாள் ஓடிவிடும். அங்கே திறந்தாயிற்று, இங்கே இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில் வாழ்ந்து பழகியவள் அவள். செவ்வாயிலிருந்து வரும் பேச்சும் அவளுக்கு அப்படி ஒரு தண்ணீர்தான். படத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

மன்னார்குடி பக்கம் ஓடாமல் நிற்கும் ஓர் அரிசி ஆலையின் கிடங்கை, வெயில் காலம் முழுக்கச் சும்மாவே கொடுத்தார்கள். அதன் ஒரு மூலையில் 14 அடிக்கு 9 அடி அளந்து சுண்ணாம்பில் கோடு போட்டோம். அதுதான் செவ்வாய் அறை. சட்டத்துக்கு 1 அங்குல பி.வி.சி. குழாய். வளைவுகளுக்கு, குழாயில் மணலை நிரப்பி இரண்டு முனையிலும் துணியை அடைத்து, வைக்கோல் தணலுக்கு மேலே ஓர் அடி தள்ளிப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மணல் இருப்பதால் குழாய் நசுங்காமல் வளையும். தணலுக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் கருகிப் புகை வரும், அந்தப் புகை ஆகாது. இதைத் திறந்தவெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

சுவருக்குத் தெர்மாகோலை வெட்டி ஒட்டிப் பார்த்தோம். கேமராவில் பள்ளி ஆண்டு விழா மேடை தெரிந்தது. அலுமினிய பப்பிள் ஷீட்டை ஒட்டினோம், ஒவ்வொரு விளக்கும் அதில் எதிரொளித்துக் கண்ணைக் குத்தியது. கடைசியில் கைகொடுத்தது நாற்றுத் தட்டு. இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்கால் விடுகிறோமே, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. 58 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம், அடியில் வரிசையாகத் துளைகள், விளிம்பில் பள்ளம். நாற்றங்கால் வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் 90 தட்டு இரவல் வாங்கி, கவிழ்த்துப் போட்டு, குழாய்ச் சட்டத்தில் கேபிள் டையால் வரிசையாகக் கட்டினோம்.

அந்த பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்காது. ஸ்ப்ரே அடித்தால் மறுநாள் தோலாக உரியும். அதனால் பெயின்ட் அடிப்பதை விட்டுவிட்டு, சாம்பல் நிற டிஸ்டெம்பரைக் கெட்டியாகக் குழைத்து, பிரஷ்ஷைத் தாளில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் விளிம்புகளில் மட்டும் தேய்த்தோம். மேடான இடங்கள் சாம்பலாகவும் குழிகள் கறுப்பாகவும் நின்றன. விளக்கை நேராக அடித்தால் அது நாற்றுத் தட்டு என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்துவிடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் துளைகளின் நிழல் நீண்டு, ஏதோ கனமான உலோகச் சுவர் தெரியும். இந்த ஒரு கோணத்தைப் பிடிக்கத்தான் அதிக நேரம் போனது.

ஜன்னலுக்கு 28 அங்குல சைக்கிள் ரிம், உள்ளே 3 மி.மீ. அக்ரிலிக். செவ்வாயின் பகல் வானம் தூசியால் மங்கிய பழுப்பு மஞ்சளாக இருக்கும். வீட்டில் கிடந்த காவி வேட்டியை ஜன்னலுக்கு வெளியே நான்கு அடி தள்ளி இழுத்துக் கட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தோம். அதுவே வானம். அங்கே சூரியன் மறையும்போது அதைச் சுற்றி நீலம் தெரியும், தூசித் துகள்கள் நீல ஒளியை முன்பக்கமாகச் சிதறவிடுவதால் அப்படி. அதற்கு வேட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு ஃபோகஸ் விளக்கில் நீல ஜெல் என்கிற நிறத் தாளை மாட்டி, ஜன்னல் வழியாக நடிகரின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் விழவைத்தோம்.

அறைக்குள் விளக்கு எல்லாம் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப். மலிவு டிம்மர் போட்டால் கேமராவில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடும், ஏனென்றால் அது வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது. டிம்மரைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்ட்ரிப்பின் மேல் பட்டர் பேப்பரை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டி வெளிச்சத்தைக் குறைத்தோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவில் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 50-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கிடங்கின் டியூப் லைட்டும் மினுக்காது. கரன்ட் போனால் வயலுக்கு மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானின் பேட்டரி. 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி. 5 மீட்டர் ஸ்ட்ரிப் ஒன்று 2 ஆம்பியர் இழுக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாராளமாக எரிந்தது.

அறை முடிந்ததும் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மாப்ள, ராக்கெட்டு நல்லாத்தான் இருக்கு. இதுல ஒருத்தன் ஒரு வருஷம் குடியிருந்தான்னு தெரியலியே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அன்றே கொடி கட்டித் துண்டு காயப்போட்டோம். ஊறுகாய்ப் பாட்டில், நகவெட்டி, நெல் ஈரப்பதமானியின் பெட்டி, பேப்பரில் மடித்த விபூதி எல்லாம் உள்ளே வந்தன. நாற்றுத் தட்டின் ஒரு துளையில் அவன் ஒரு பென்சிலைச் செருகி வைத்திருப்பான். படம் முழுக்க அது அங்கேயே இருக்கும்.

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தகரக் கூரை பகலில் வெயிலுக்குப் படார் படார் என்று விரியும், ராத்திரி குளிரும்போதும் அதே. இரவு பத்து மணிக்கு மேல்தான் அடங்கும். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் தவளை, மழை இல்லாவிட்டால் பக்கத்து வயலின் போர் மோட்டார். உமி மூட்டைகளை அறையின் மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். உள்ளே நின்று கைதட்டினால் முன்பு கணீரென்று திரும்பி வந்த ஒலி, இப்போது தட்டிய இடத்திலேயே நின்றது. செவ்வாய் அறையின் ஓயாத ரீங்காரத்துக்கு, பால் கூட்டுறவுச் சங்கத்தில் அனுமதி கேட்டு, விடியற்காலையில் பால் குளிர்விக்கும் தொட்டியின் பக்கத்தில் மைக்கை வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்தேன். சுருதியைக் கொஞ்சம் இறக்கியதும் அது அப்படியே பொருந்தியது. மிச்சமிருந்த தவளைச் சத்தத்தையும் அது மூடிவிட்டது.

செவ்வாயின் வெளித்தரையும் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தோம். டெல்டாவின் களிமண்ணில் அது நடக்காது. வல்லம் பக்கம் போனால் செம்மண்ணும் சரளையும் கிடைக்கும் என்று வேன் பிடித்து, தெரிந்தவர் நிலத்தில் விடியற்காலை எடுத்தோம். தரை நன்றாகத்தான் வந்தது. ஆனால் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஒரு முந்திரிக் கிளை எட்டிப் பார்த்தது. கிளையை விலக்கிக் கோணம் வைத்தால் ஈரக் காற்றில் ஆடும் புல். வண்ணத்தை எவ்வளவு மாற்றியும் அது வல்லமாகவே இருந்தது. படத்தொகுப்பில் அந்தக் காட்சி முழுவதையும் எடுத்துவிட்டேன். கணவன் வெளியே போவதை இனி யாரும் பார்ப்பதில்லை. கதவு மூடும் சத்தம் கேட்கும், காலி அறை தெரியும், ஸ்பீக்கரில் அவள் குரல் வந்து பேசிக்கொண்டே இருக்கும். வேனுக்கு ஆன ரூ. 4,500 போனாலும், படத்தின் நல்ல காட்சிகளில் ஒன்று இதில்தான் பிறந்தது.

அடுத்தது கடிகாரம். இந்தப் படத்தில் நான் அதிகம் நேசித்த வேலை இது.

செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அதாவது அவனுடைய காலை, அவள் காலையைவிடத் தினம் 40 நிமிடம் பின்னால் நகரும். இன்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விடிந்தால், இன்னும் இரண்டரை வாரத்தில் அவனுக்கு விடியும்போது அவளுக்குச் சாயங்காலம். 36, 37 நாளில் மறுபடி சேரும். 2004-ல் செவ்வாயில் ரோவர்கள் இறங்கியபோது, அவற்றை இயக்கிய குழுவினருக்காகவே கலிபோர்னியாவில் ஒரு கடிகாரக்காரர் செவ்வாய் நேரம் காட்டும் கைக்கடிகாரங்கள் செய்து கொடுத்தார். அதைப் படித்ததிலிருந்து, நம் படத்தில் மனைவியின் வீட்டுக் கூடத்தில் அப்படி ஒரு கடிகாரம் தொங்க வேண்டும் என்று மனதில் இருந்தது. எங்கள் அத்தை வீட்டில் சாவி கொடுக்கும் பெண்டுலக் கடிகாரம் ஒன்று நின்றுபோய்க் கிடந்தது. அதைக் கும்பகோணத்தில் பழைய கடிகாரம் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய், "ஓடணும், ஆனா ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் முப்பத்தாறு செகண்டு மெதுவா ஓடணும்" என்றேன். ஐம்பது வருடமாகக் கடிகாரத்தைச் சரியாக ஓடவைக்கிறவர். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். விஷயத்தை முழுவதும் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

பெண்டுலம் ஒருமுறை போய்வரும் நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நேரம் 2.75 சதவீதம் கூட வேண்டுமென்றால் நீளம் ஏறக்குறைய 5.6 சதவீதம் கூட வேண்டும். இந்தக் கடிகாரத்துப் பெண்டுலம் மேலே தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நடு வரை 25 செ.மீ. இருந்தது. 1.4 செ.மீ. இறக்கினால் போதும். அடியில் இருக்கும் திருகு அவ்வளவு தூரம் இறங்கவில்லை. பெரியவர் தண்டின் கொக்கியைக் கழற்றி, பித்தளைத் துண்டு ஒன்றை வெட்டி, இரண்டு முனையிலும் துளையிட்டு நடுவில் மாட்டினார். துண்டு அரை மில்லிமீட்டர் நீளமாகிவிட்டது, அரத்தால் ராவி மறுபடி மாட்டினார். மிச்சத்தைத் திருகில் சரிசெய்தோம். பக்கத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் வித்தியாசத்தைப் பார்த்தார். குண்டு கீழே பெட்டியின் அடிப்பலகையில் உரசியது, அதற்குப் பலகையில் சின்னதாகக் குழி எடுத்தார். கூலியாக ரூ. 800 வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, "எதுக்கும் அந்த பித்தளைத் துண்டத் தொலைச்சிடாதீங்க தம்பி, படம் முடிஞ்சா எடுத்துட்டு மாட்டுங்க, பழையபடி ஓடும்" என்றார்.

படத்தில் அந்தத் துண்டை வெட்டி மாட்டுவது மனைவி. கணவனுக்குச் சொல்லாமல் செய்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு கடிகாரம் ஏழு அடிக்கும், எழுந்து, முகம் கழுவி, தலையைச் சீவிக்கொண்டு அவனுக்குப் பேசுவாள். தவறிக்கூட யாரும் இதைக் காதல் என்று சொல்வதில்லை. மாமியார் மட்டும் "அந்தப் பீத்தக் கடியாரத்தத் தூக்கிப் போடேன்" என்பார்.

இனி நடிப்பு. இங்கேதான் படம் படமானது.

ஒத்திகையில் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து வசனம் சொல்லவைத்தேன். மனைவியாக நடித்தவர் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை, கணவனாக நடித்தவர் விதைக்கடை வைத்திருக்கிறார். இருவரும் ஊர் நாடகத்தில் தேர்ந்தவர்கள், டக்கு டக்கென்று பதில் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது, எதுவும் நடக்கவில்லை. பிறகு தனித்தனியாக எடுத்து, நடுவே வெறுமனே காத்திருக்கும் முகங்களை ஒட்டிப் பார்த்தேன். காத்திருப்பதாக நடிக்கிறார்கள் என்று தெரிந்தது. பெருமூச்சு, ஜன்னல் பக்கம் ஒரு பார்வை, விரலால் மேஜையில் தட்டுவது.

அதனால் தாமதத்தையே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். முதலில் மடிக்கணினியில் வீடியோவை நிறுத்தி வைத்து அனுப்பும் வழியைப் பார்த்தோம். கிடங்குக்கும் எதிர்த்தெரு வீட்டுக்கும் நடுவே வைஃபை கனமான சுவரில் முட்டி நின்றது, கரன்ட் போகும் ஒவ்வொரு முறையும் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அதைக் கைவிட்டோம். கடைசியில் செய்தது ரொம்ப எளிது. வீட்டில் மனைவியாக நடித்தவர், கிடங்கில் கணவனாக நடித்தவர். ஆளுக்கு ஒரு டேப்லெட், பக்கத்தில் ஆளுக்கு ஓர் உதவியாளர். அவர் பேசி முடித்ததும் பதிவான கிளிப்பைப் பென்டிரைவில் ஏற்றி ஒரு பையன் சைக்கிளில் கொண்டுவருவான். இந்தப் பக்கத்து உதவியாளர் கைபேசி டைமர் முடிந்ததும்தான் அதைப் போடுவார். மூன்றரை நிமிடக் காட்சிக்கு மூன்றரை நிமிடம், 11 நிமிடக் காட்சிக்கு 11 நிமிடம். எவர் வசனம் அவரிடம் மட்டும். எதிராளி என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாது. அந்த நேரம் முழுக்க இரண்டு கேமராவும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நினைவட்டைக் கணக்கு: முழு எச்.டி., 50 மெகாபிட் என்றால் 11 நிமிடத்துக்கு 4 ஜி.பி.க்குக் கொஞ்சம் மேல். 4கே வைத்தால் அந்தச் சூட்டில் கேமரா தானாக அணைந்துவிடும். எங்கள் கேமரா 29 நிமிடம் 59 விநாடியில் பதிவை நிறுத்திவிடும் வகை, 22 நிமிடக் காட்சிக்கு அது போதுமாக இருந்தது.

சண்டைக் காட்சியை எடுத்த இரவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கதையில் அது தாளடிப் பயிர் வயலில் நிற்கும் காலம், தாமதம் 11 நிமிடத்தைத் தாண்டுகிறது. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை இறால் குட்டைக்குக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். அவளுக்குக் கொடுக்க மனமில்லை. "நீங்க இங்க இருந்தா நான் ஏன் ஒவ்வொருத்தன் கிட்டயும் போய் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். சொன்னார், கிளிப் போய்விட்டது. அதன்பின் அவர் செய்ய வேண்டியது எதுவும் எழுதப்படவில்லை. இரண்டு நிமிடம்போல் அப்படியே இருந்தார். பக்கத்திலிருந்த முறத்தை இழுத்து முருங்கைக் கீரையை உருவ ஆரம்பித்தார். உருவிக்கொண்டே இருந்தவர், கை நின்று, டேப்லெட்டைப் பார்த்து, "என்னங்க, நான் சொன்னத விடுங்க. கோவத்துல வந்துடுச்சு. சாப்ட்டீங்களா?" என்றார்.

இது தாளில் இல்லாத வசனம். உதவியாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். அனுப்பு என்று கை காட்டினேன், இதற்கும் முழு 11 நிமிடம்.

கிடங்கில் அவருக்கு முதல் கிளிப் வந்தது. முகம் சிவந்துவிட்டது. அவர் வசனம் தாளில் இருப்பதுதான்: "குடுத்துடு. எல்லாத்தயும் குடுத்துடு. எனக்கு ஒண்ணும் வேணாம்." சொல்லி அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கிளிப் ஓடியது. அப்படி ஒன்று வரும் என்று அவருக்குத் தெரியாது. "சாப்ட்டீங்களா" என்று கேட்டதும் சட்டென்று எழுந்துவிட்டார். தான் அனுப்பியது போய்க்கொண்டிருக்கிறது, திரும்ப எடுக்க முடியாது. அவள் இன்னும் அதைக் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் போகிறாள். அந்த மனிதர் அறையில் இரண்டு எட்டு நடந்தார், பென்சிலைத் துளையிலிருந்து பிடுங்கினார், மறுபடி செருகினார். அதற்கு மேல் என்ன எழுதியிருந்தாலும் இவ்வளவு உண்மை வந்திருக்காது. மீதிக் காட்சியை அன்றே கிழித்துப் போட்டுவிட்டு, அவள் மன்னிப்பும் அவன் கோபமும் நடுவானில் ஒன்றையொன்று கடப்பதையே காட்சியாக வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்கிறார்கள், ஒவ்வொரு மன்னிப்பும் அதற்கு முந்தைய கோபத்துக்குப் பதிலாகப் போய்ச் சேருகிறது.

கிளைமாக்ஸ் 22 நிமிடக் காட்சியில் அவள் ஒரே ஒரு செய்தி அனுப்புகிறாள். பதில் வருவதற்குள் தொடர்பு நிற்கும் நாள் வந்துவிடுகிறது.

பூமிப் பக்கத்தில் ஒரு காட்சிக்கு மட்டும் நம் விருப்பம் செல்லாது, வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும் காட்சி அது. 2025 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள், அடுத்து கல்லணை. மூணாறு தலைப்பைத் தாண்டிவிட்டது என்று தெரிந்ததும், கடைமடையில் மதகுக்குப் பக்கத்தில் கேமராவை நிறுத்திக் காத்திருந்தோம். காய்ந்து வெடித்த வாய்க்காலில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு ஒரு சாண் ஆழத் தண்ணீர் நடக்கிற வேகத்தில் வந்தது. முக்காலியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு இறக்கி, 35 மி.மீ. லென்ஸ் போட்டு, அவர் காலையும் வரும் தண்ணீரையும் சேர்த்து எடுத்தோம்.

தொகுப்பில் ஒரே ஒரு பிடிவாதம் வைத்துக்கொண்டேன். முதல் உரையாடலில் மூன்றரை நிமிடக் காத்திருப்பை வெட்டாமல் முழுவதும் விட்டேன். பார்ப்பவர் ஒருமுறை அதை உடம்பால் உணர்ந்துவிட்டால், பின்னால் 11, 22 என்று வருவதை வெட்டிக் காட்டினாலும் நம்புவார். வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. ஊரில் 12 அடிக்கு 7 அடி வெள்ளைத் துணி கட்டிப் போட்டபோது, அந்த மூன்றரை நிமிடத்தில் முதலில் சலசலப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. மனைவி காத்திருப்பதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஓர் அம்மா வந்து, தன் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்த காலத்தில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள், ஊருக்குப் போகிறவர் யாராவது கிடைத்தால்தான் வந்து சேரும் என்றார். "திட்டி ஒரு கேசட்டு அனுப்பிட்டு, அடுத்த வாரம் ஆளு கெடச்சதும் திட்டாம ஒண்ணு அனுப்புனேன் தம்பி. ரெண்டும் ஒண்ணாப் போயி சேந்துச்சாம்." திரைக்கதை எழுதும் முன்பே இவரைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

செலவு மொத்தம் ரூ. 47,870. இதில் கேமரா வாடகை 12,000, நடிகர்கள் இருவருக்கும் சேர்த்து 10,000, சாப்பாடு 9,000, வேன் 4,500. மைக் இரண்டு 3,000. அறைக்கென்று பார்த்தால் குழாயும் இணைப்பும் 2,900, பப்பிள் ஷீட் 1,800, எல்.இ.டி. ஸ்ட்ரிப் 1,400, அக்ரிலிக் 900, ஸ்ட்ரிப்புக்கு 12 வோல்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 650, நீல ஜெல் 600, டிஸ்டெம்பர் 320. கடிகாரம் 800.

அடுத்த முறை அறையைக் கட்டுவதற்கு முன்பே தாமதத்தை ஏற்பாடு செய்துவிட்டு, வெறும் சுவருக்கு முன்னால் ஒரு வாரம் ஒத்திகை பார்ப்பேன். லென்ஸ் எந்தச் சுவரைப் பார்க்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். 90 தட்டில் திரையில் வந்தவை 50-கூட இருக்காது. பப்பிள் ஷீட்டும் வேனும் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் இன்னொரு நல்ல மைக் வாங்கலாம், கிடங்கில் அவர் எழுந்து நடந்தபோது குரல் தள்ளிப்போய்விட்டது, அதைச் சரிசெய்யப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

தட்டுகளைக் குறுவை நாற்றங்காலுக்கு முன் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தேன். மே கடைசியில் மோட்டாரடியில் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்ததும் டிஸ்டெம்பர் முழுவதும் போய்விட்டது. கேபிள் டை இறுக்கியதில் நான்கு தட்டுக்கு விளிம்பு விரிந்திருந்தது, அதற்குப் புதிதாக நான்கு வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதை மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை. குழாய்ச் சட்டம் கிடங்கிலேயே கிடக்கிறது. வேண்டுமென்பவர் மினி லாரியோடு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.